இடுப்பில் எலுமிச்சை நிறம்

அந்தக் கதிரையில் இருக்காதீங்கோ, தங்கச்சி. அதற்கு ஒரு கால் ஆடும். இதிலே இருங்கோ. யன்னலும் பக்கத்தில், இறங்குதுறையும் தெரியும்.

தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேனோ? இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? போனில் "ஓம் அம்மா, ஓம், சாப்பிட்டனான்" என்று சொன்னீங்களே. இந்தத் தீவில் அப்படி ஒரு சத்தம் என் வாயிலிருந்து தவிர வேறெங்கும் வருவதில்லை. லண்டனோ? வடக்கு வெளிச்சம் பார்க்க வந்தனீங்களோ? அதுதானே. எல்லாரும் அதற்குத்தான் வருகினம். வந்து முகிலைப் பார்த்துவிட்டுப் போகினம்.

உங்கள் படகு வடக்கே போகிறது. அது பிந்தும். கொண்டல் அடிக்கிறது, கிழக்குக் காற்று, பார்த்தீங்களோ, கொடி மேற்கே பறக்கிறது. அதற்கு முதல் தெற்கே போகிற படகு வரும். நான் அதற்குத்தான் காத்திருக்கிறேன். ஏறுவதற்கு இல்லை. ஒரு ஆள் ஏறுகிறான். ஆர்வித் என்று பெயர். வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு பட்டணத்துக்குப் போகிறான். இனித் திரும்பி வரமாட்டான். ஏற முதல் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஒரு வருஷமாய்ப் பேசவில்லை. இன்றைக்கும் பேசாமல் போனான் என்றால்... இல்லை, பேசுவான். பேசத்தானே வேண்டும்?

என் பெயர் குலசிங்கம். இங்கே குலா. ஊர் அனலைதீவு. யாழ்ப்பாணத்தில் படிக்கப் போனபோது "தீவான்" என்று பகிடி பண்ணுவாங்கள். போய்ப் போய் உலகத்தின் தலைமாட்டில் இன்னொரு தீவிலே வந்து குந்தியிருக்கிறேன். மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தது. அப்போது எங்கள் ஆட்கள் ஒரு வீதி நிறைய இருந்தார்கள். தொழிற்சாலை பூட்ட, எல்லாரும் தலைநகரத்துக்குப் போய்விட்டார்கள். மனிசியும் பிள்ளைகளோடு போய்விட்டா. "இஞ்சாருங்கோ, நீங்களும் வாறீங்களோ, இல்லை குருவியோடைதான் குடித்தனமோ?" என்று கேட்டா. அடுத்த வருஷம் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. என்ன செய்ய?

குருவி என்றால்... விளங்கப்படுத்துகிறேன்.

இலை மஞ்சளாகிற இந்த நேரத்தில் கொண்டல் விடாமல் அடித்தால், சைபீரியாவில் கிளம்பிய குருவிகள் சில வழி மாறி இங்கே வந்து விழும். அவை போகவேண்டியது பர்மா, தாய்லாந்துப் பக்கம். உடம்பு உங்கள் பெருவிரல் அளவு வராது. அதோடு காட்டையும் பனிவெளியையும் கடலையும் தாண்டி வந்து, எங்கள் வேலிக் குட்டைமரங்களிலும் மீன் பெட்டிகளுக்கு இடையிலும் பூச்சி தேடும். மனிசியிடம் இதைச் சொன்னபோது, "அதுகளையும் ஏஜென்சிக்காரன் தாய்லாந்து எண்டு சொல்லி ஏத்தி, இஞ்சை இறக்கிப்போட்டானோ?" என்று கேட்டா. அவவுக்கு எல்லாம் பகிடி.

அந்தக் குருவிகளைத் தேடிப் பிடித்து, இன்னது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. கையால் பிடிப்பது இல்லை, கண்ணால். எங்கள் என்றால் என்னதும் ஆர்வித்தினதும். அவன் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தினவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. அவன் இவன் என்கிறேன் என்று நினையாதீங்கோ. இந்த நாட்டில் ஒரு ஆளை "நீங்கள்" என்று சொல்கிற பழக்கம் செத்துப்போய்விட்டது. மேலதிகாரியும் நீதான், ஆர்வித்தும் நீதான்.

வந்த புதிதில் ஒருநாள், தொழிற்சாலை யன்னலில் மோதி விழுந்த ஒரு குருவியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். "வடிவாய் இருக்கு" என்றேன். எனக்கு அப்போது தெரிந்த நாலைந்து சொல்லில் அது ஒன்று. ஆர்வித் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

"வடிவு கிடக்கட்டும். கால் என்ன நிறம்?"

"கறுப்பு."

"அப்ப சரி. இதே மாதிரி இன்னொன்று இருக்கு. அதற்குக் கால் வெளிறல். காலைப் பார்க்காதவன் பேர் சொல்லக்கூடாது."

அதுதான் அவனுடைய சட்டம், தங்கச்சி. முதலில் காண்கிறவன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பேரை இல்லை. கண்டதை. எவ்வளவு பெரிது, தலையில் கோடு உண்டா, புருவம் என்ன நிறம், செட்டையில் எத்தனை பட்டை, இடுப்பு எப்படி, கால் எப்படி. மற்றவன் அதைக் கேட்டுக்கொண்டே தேடுவான். இரண்டு பேரும் கண்ட பிறகுதான் பேர். காணாததைச் சொல்லவே கூடாது. ஒரு பட்டை கண்டால் ஒரு பட்டை. இரண்டாவது இருந்திருக்கும் என்று நினைத்தாலும், காணவில்லை என்றால் இல்லை.

நான் இந்தப் பாஷையைப் படித்ததே அப்படித்தான். வகுப்பில் இல்லை, வேலிக்கரையில். புருவம், தொண்டை, வயிறு, செட்டை, எல்லாம் குருவியில் படித்த சொற்கள். ஒருக்கால் இடுப்புப் பிடித்து டொக்டரிடம் போய், பறவையின் இடுப்புக்குச் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் முகத்தைத் திருப்பிச் சிரித்துவிட்டு, "பறக்கவும் ஏலாமல் இருக்கோ?" என்று கேட்டான். ஆர்வித்துக்குச் சொன்னேன். அந்த இலையுதிர்காலம் முழுக்கச் சிரித்தான். சிரித்தால் அவனுக்குக் காது சிவக்கும்.

இந்தத் தீவில் நான் வாய் திறந்து கதைப்பது அவனோடு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம், நல்ல வார இறுதி. கடையில் பை வேண்டுமா, வேண்டாம். அது கதை இல்லையே.

இப்போது அவன் எனக்குச் செய்ததைக் கேளுங்கோ.

அவன் அதற்கு முந்தியே மாறத் தொடங்கிவிட்டான். கர்வம் என்றுதான் நினைக்கிறேன். முக்காலியில் வைக்கிற பெரிய தொலைநோக்கி ஒன்று அவனிடம் இருந்தது. "நீயே வைத்திரு, எனக்குக் கை உளைகிறது" என்று என்னிடம் தந்தான். அதாவது நான் சுமக்கிற ஆள். கழுத்தில் தொங்குகிற பைனாகுலரைத் தூக்கியும் பார்ப்பதில்லை. "நீ சொல்லு" என்பான். எப்போது பார்த்தாலும் "நீ சொல்லு". கூரையில் நின்ற கடற்காகத்தைக் காட்டி, "அது என்ன, சொல்லு" என்றான் ஒருநாள். கடற்காகத்தை! இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு அரிச்சுவடிச் சோதனை. கோப்பி ஊற்றினால் கோப்பைக்குள்ளே விரலை விட்டுக்கொண்டு ஊற்றுவான், அந்த எண்ணெய் விரலை. காரை விற்றான். "ஏன்?" என்றால், "நடக்கிறது நல்லது" என்றான். நடக்கும்போதோ மதிலோடு மதிலாய், கல்லைத் தடவிக்கொண்டு. ஒருநாள் ஒரு காலில் பச்சைச் சப்பாத்து, மற்றக் காலில் கறுப்புச் சப்பாத்து. என்னைச் சிரிக்கவைக்கப் போட்டிருக்கிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பகிடியையும் தானே விட்டு, தானே கோபிக்கிறது.

பொறுத்துக்கொண்டேன். சிநேகிதன்தானே.

போன வருஷம் இதே போல் கொண்டல். போதகர் வீட்டுத் தோட்டத்தில் சிவப்புப் பழ மரம் ஒன்று, அதைச் சுற்றிப் பற்றை. அதற்குள்ளே ஒரு குருவி. நான் கண்டு சொல்லத் தொடங்கினேன். "சின்னது. பச்சை. புருவம் நீளம், மஞ்சள். செட்டையில் இரண்டு பட்டை." அது மஞ்சள் புருவக் குருவி. ஒவ்வொரு வருஷமும் வருகிறதுதான். ஆர்வித் தலையைச் சரித்துக் கேட்டான். பற்றைக்குள் ஏதோ கீச்சிட்டது. அவன் என் கையைப் பிடித்துவிட்டான், தங்கச்சி. நகம் பதியப் பிடித்தான்.

"இடுப்பைப் பார்! குலா, இடுப்பைப் பார்! எலுமிச்சை நிறம் இருக்கோ?"

விளங்குதோ? மஞ்சள் புருவக் குருவிக்குத் தம்பி மாதிரி ஒன்று உண்டு. எல்லாம் ஒன்றுதான். ஆனால் அதற்குத் தலை நடுவில் ஒரு மஞ்சள் கோடு, இடுப்பில் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு துண்டு. அது இந்தத் தீவுக்கு வந்ததாக ஆரும் எழுதினதில்லை. ஆர்வித் சின்ன வயதிலிருந்து அதற்காகக் காத்திருக்கிறான். ஒவ்வொரு கொண்டலுக்கும் "இந்த முறை வரும்" என்பான்.

நான் பார்த்தேன். வடிவாகப் பார்த்தேன். அது திரும்பி, செட்டையை அடித்து, முதுகு முழுக்கக் காட்டியது. எலுமிச்சை நிறம் இல்லை.

"இல்லை" என்றேன்.

"திரும்பப் பார்."

"இல்லை, ஆர்வித்."

"எனக்குச் சத்தம் தெரியும். நீ பார்க்கிறது வேறை. பின்னாலே இன்னொன்று இருக்கு. பார்!"

நான் பார்த்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பிறகு திரும்பி நடந்து வந்தோம்.

எலுமிச்சை இடுப்புக் குருவியின் சத்தம் கேட்டது என்று அவன் பட்டணத்தில் இருக்கிற பறவைக் குழுவுக்கு அறிவித்துவிட்டான். அரிய குருவி என்றால் அவர்கள்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும். படம் இல்லை என்றால் இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும். ஒரு ஆள் சாட்சி கணக்கில்லை. இரண்டாவது ஆள் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறான். ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல்! குழுவிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான்.

"நீ இடுப்பைக் கண்டாயா?"

"இடுப்பைக் கண்டேன்" என்றேன். "அதில் எலுமிச்சை நிறத்தைக் காணவில்லை."

நான் என்ன பிழை சொன்னேன்? நீங்கள் சொல்லுங்கோ. கண்டதைச் சொல்லு என்று எனக்குப் படிப்பித்தவன் ஆர்? கண்டதைச் சொன்னேன்.

பிறகு கதை பரவிவிட்டது. இந்த மண்டபத்தில்தான், இதே கதிரைகளில், பட்டணத்துப் பறவைக்காரர் சிலர் இருந்து, "ஆர்வித் இப்ப கனவிலைதான் குருவி பார்க்கிறார்" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தேன்தான், ஒரு மரியாதைக்கு. அவன் அங்கே, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றோடு சரி.

நான் முயற்சி செய்யவில்லை என்று நினையாதீங்கோ. வாய் திறந்து முதலில் பேசவேண்டியது அவன்தான், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். என் பெயரைக் கேட்காமல் கொடுத்தது அவன். ஆனால் எழுதினேன். போனில் வடிவாக எழுதி அனுப்பினேன். "பனி கொட்டுகிறது, வீட்டுக் கூரை கவனம்" என்று. பதில் இல்லை. "முதல் வாத்துக்கள் வந்துவிட்டன" என்று. பதில் இல்லை. வீதியில் கண்டு கை காட்டினேன். மதிலைத் தடவிக்கொண்டு போய்விட்டான். கடையில், பால் அடுக்குகிற இடத்தில், அவனுக்கு நேரே போய் நின்றேன். மூக்குக்கு மூக்கு. நின்று சிரித்தேன். இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன், தங்கச்சி. அவன் என் தோளுக்கு மேலாலே கையை நீட்டிப் பாலை எடுத்தான். "மன்னிக்கவேணும்" என்றான், முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகும் பாருங்கோ, அவனுடைய பிறந்தநாளுக்குக் கடலை வடை சுட்டுக்கொண்டு போனேன். அவனுக்குச் சரியான விருப்பம். உறைப்பில் கண்ணீர் வரவரத் தின்பான். வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை. காண்பான்தானே என்று. அடுத்தநாள் போய்ப் பார்த்தால், மிதித்துவிட்டுப் போயிருக்கிறான். பையோடு மிதித்து, நசித்து, சப்பாத்து அடையாளம் தெரிய. நான் சுட்ட வடையை!

பள்ளிக்கூடத்து அதிபர் ஒருநாள், "ஆர்வித் பாவம், என்ன?" என்று தொடங்கினா. "அவன் என்ன பாவம், நான்தான் பாவம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன? என்ன கேட்கிறீங்கள்?

கண்ணோ?

ஆர்வித்தின் கண்ணோ? உங்களுக்குத் தெரியாது, தங்கச்சி. அந்தக் கண் எப்படிப்பட்ட கண் தெரியுமோ? கடலுக்கு மேலே பொட்டாய்ப் போகிறதைப் பார்த்து ஆண், பெண் சொல்வான். நான் கண்டுபிடித்த எல்லாம் அந்தக் கண்ணால் காட்டினது. அப்படி ஒன்று என்றால் என்னிடம் சொல்லாமல் இருப்பானோ? என்னிடம்? பல்லுக் கொதித்தாலே முதலில் எனக்குச் சொல்கிறவன். இல்லை, இல்லை. நீங்கள் நல்ல மனதில் சொல்லுறீங்கள். ஆனால் அது கர்வம். வெறும் கர்வம்.

அந்தா கார். மகள் ஓடுகிறா, மாரித். படகும் முனையைச் சுற்றி வருகிறது. ஒரு வருஷமாய் என்ன சொல்வது என்று சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. அவன் இந்த யன்னலுக்கு முன்னால்தான் போகவேண்டும். என்னைப் பார்த்தால்... இறங்கிவிட்டான். மாரித் ஏன் அவன்ரை கையைப் பிடிக்கிறா? படிதானே, ஒரு படி. ஏன் காலாலே தேடுகிறான்?

பொறுங்கோ. என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கோ. வாறன்.

*

நன்றி. பை இருக்கட்டும். இல்லை, கோப்பி வேண்டாம். கொஞ்சம் இருக்கிறேன்.

படகு போய்விட்டது, என்ன?

நீங்கள் யன்னலாலே பார்த்தனீங்கள். ஆனால் பாஷை விளங்கியிராது. சொல்கிறேன்.

நான் அந்த வலைக்குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் வந்தான். மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இவ்வளவு தூரம், கை நீட்டினால் தொடலாம். கண் திறந்துதான் இருக்கிறது, தங்கச்சி. நீலம். அதே நீலம். என் முகத்துக்கு மேலாலே போய்விட்டது. கடையில் போனது மாதிரி. மாரித் என்னைக் கண்டா. கண்டும் தகப்பனிடம் சொல்லவில்லை. அவ ஏன் சொல்லவேண்டும்?

அவன் என்னைத் தாண்டிவிட்டான். முதுகுதான் தெரிந்தது. படகுக்காரன் பாலத்தை இறக்கிவிட்டான். நான் வாயைத் திறந்தேன். ஆர்வித் என்று கூப்பிடத்தான் திறந்தேன். பேர் வரவில்லை.

"சின்னது" என்றேன்.

நின்றான்.

"சின்னது. பச்சை. வலைக்குவியலில், இடது பக்கம்."

திரும்பினான். முகம் என் பக்கம் இல்லை, கொடிமரத்தின் பக்கம். அந்தக் கொடிமரத்தைப் பார்த்து என்னிடம் கேட்டான்.

"தலை?"

"நடுவில் ஒரு கோடு. மஞ்சள்."

"புருவம்?"

"நீளம். மஞ்சள்."

"செட்டை?"

"இரண்டு பட்டை."

மாரித் வலையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "அப்பா, படகு" என்றா. அவன் கையை உயர்த்தி அவவை நிறுத்தினான். காது சிவந்துபோய் இருந்தது.

"குலா, இடுப்பு?"

தங்கச்சி, நான் என் சீவியத்தில் காணாத ஒன்றைக் கண்டேன் என்று சொன்னதில்லை. ஒரு பட்டை கண்டால் ஒரு பட்டை.

"எலுமிச்சை நிறம்" என்றேன். "இப்ப திரும்புது. வடிவாய்த் தெரியுது. எலுமிச்சை நிறம், ஆர்வித்."

அவன் தலையைச் சரித்துக் கேட்டான். அன்றைக்குக் கேட்ட மாதிரி. நிறைய நேரம் கேட்டான்.

"சத்தம் போடேல்லையே?"

"காற்று எதிர்ப்பக்கம்" என்றேன்.

"ஓம்" என்றான். "காற்றுத்தான்."

பிறகு கையை நீட்டினான். வெறும் இடத்தில் நீட்டினான். நான் போய் அந்தக் கைக்குக் கீழே என் கையை வைத்தேன். அந்த எண்ணெய் விரல்தான். என் முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் எங்கே போனாய்?" என்று கேட்டான். "மனிசியிடம் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஒருக்கால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்" என்றான்.

நான் கடையில் அவனுக்கு முன்னாலே நின்றேனே. சிரித்துக்கொண்டு நின்றேனே.

அதை அவனிடம் சொல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு பாலம் வரைக்கும் போனேன். படகுக்காரன் ஊதினான். பாலத்தில் ஏறி நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல், அவன் கடைசியாய்க் கேட்டது இதுதான்.

"இரண்டாவது ஆள் ஆர்? நான் கண்டேன் என்று எழுதாதே. நான் காணேல்லை."

அவன் அப்படித்தான். காணாததைச் சொல்லமாட்டான்.

"ஆள் இருக்கு" என்றேன். "உள்ளே ஒரு தமிழ்ப்பிள்ளை இருக்கிறா. லண்டனிலிருந்து வந்தவ. யன்னலாலே பார்த்துக்கொண்டிருக்கிறா. அவவும் கண்டவ."

"அப்ப அனுப்பு" என்றான்.

ஓம். தெரியும். நீங்கள் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள். அங்கே ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், தங்கச்சி. அதை ஏன் இப்ப சொல்லுறீங்கள்?

குழுவிலிருந்து போன் எடுப்பாங்கள். அந்தப் பெடியன்தான் எடுப்பான். ஆங்கிலத்தில் கேட்பான், உங்களுக்குக் கஷ்டமில்லை. உங்கள் நம்பரைத் தாருங்கோ. நான் ஒருநாளும் தொந்தரவு செய்யமாட்டேன். பேரைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கோ. அது பிழையில்லை. கண்டதை மட்டும் சொன்னால் போதும். சின்னது. பச்சை. தலை நடுவில் மஞ்சள் கோடு. செட்டையில் இரண்டு பட்டை. பிறகு இடுப்பு. இடுப்பைக் கடைசியாய்த்தான் சொல்லவேணும், அவன் கேட்ட பிறகு.

உங்கள் படகு வருகிறது. இன்னும் நேரம் இருக்கு.

எங்கே, ஒருக்கால் சொல்லுங்கோ பார்ப்பம்.